விடத் தெரியாத கை

பூவரச மரத்தடியில் கிடந்த அந்த நீள பெஞ்சில் அப்பாவுக்கு ஓர் இடம் கிடைத்துவிட வேண்டும் என்பதுதான் அப்போது என் ஒரே ஜெபம். தூத்துக்குடியில் கடலைப் பார்த்தாற்போலக் கன்னியர் மடம் நடத்திய முதியோர் இல்லம் ஒன்று இருந்தது. வயதாகிப்போன சங்குகுளிக்காரர்களும் தோணிக்காரர்களும் வெயில் ஏறும்வரை அந்த பெஞ்சில் உட்கார்ந்து, தூரத்தில் தெரிகிற பாய் யாருடைய தோணி என்று சத்தமாகச் சண்டை போடுவார்கள். அப்பாவும் சங்கு குளித்தவர். பக்கவாதம் வந்து வலது பக்கமும் பேச்சும் போய்விட்டன. பேச முடியாவிட்டாலும் அந்தச் சண்டையைக் கேட்டுக்கொண்டாவது இருப்பாரே என்று நினைத்தேன்.

இன்னொரு இடமும் இருந்தது. ஊருக்குள், ஆஸ்பத்திரியோடு சேர்ந்த நோயாளி விடுதி. படுக்கையோடு கிடப்பவர்களை அங்கே நர்சுகள் திருப்பிப் படுக்க வைப்பார்கள், துடைத்துவிடுவார்கள், புண்ணுக்கு மருந்து போடுவார்கள். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஜன்னலுக்கு வெளியே சுவர்தான். பார்க்கப் போகவும் ஞாயிறு சாயங்காலம் மட்டுமே விடுவார்கள்.

வீட்டிலேயே வைத்துப் பார்க்கலாமே என்று எல்லோரும் சொன்னார்கள். சொன்னவர்கள் யாரும் தூக்க வரவில்லை. அம்மா இறந்துவிட்டாள். யுத்த காலம், என் வீட்டுக்காரர் கொழும்பில் மாட்டிக்கொண்டார். நான் பிள்ளை உண்டாகியிருந்தேன். ஒருநாள் கட்டிலிலிருந்து சரிந்து விழுந்த அப்பாவைத் தூக்கமுடியாமல் நானும் தரையில் உட்கார்ந்து அழுதேன். அதைப் பார்த்த மாமா, என் அம்மாவின் தம்பி, "ஏளா, இனி இது ஒன்னால ஆவாது" என்றார்.

கடலோர இல்லத்து மதர் ஒரே நிபந்தனை வைத்தார். துணையில்லாமல் எழுந்து வாசல்வரை நடக்கவேண்டும். தூக்கிவிட அங்கே ஆளில்லை. மாமா தினமும் வந்து அப்பாவை நடத்தினார். "இன்னும் ஒரு எட்டு மச்சான். அங்கன போனா ஒங்க சேக்காளிய எல்லாரும் இருக்காவ" என்பார். அப்பா காலை இழுத்து இழுத்து வைப்பார். என் பிள்ளை நடப்பதற்கு முன்னால் அப்பா நடந்துவிடுவார் என்று நம்பினேன்.

மதர் பார்க்க வந்த அன்று அப்பா இடது கையால் சுவரைப் பற்றித் தானே எழுந்துவிட்டார். மாமா பின்னால் நின்று அவருடைய இடுப்பு வேட்டியைப் பிடித்திருந்தார்.

"விடுங்க, அவரே நடக்கட்டும்" என்றார் மதர்.

மாமா தலையாட்டினார். கையை எடுக்கவில்லை. "விடுங்க மாமா" என்று நானும் கெஞ்சினேன். அப்பாவே அந்தக் கையைத் தட்டிவிட்டார். "விடுதேன், இந்தா விடுதேன்" என்று மாமா சொன்னாரே தவிர அவருடைய விரல்கள் பிரியவில்லை. முகமெல்லாம் வேர்த்துக் கொட்டியது.

வெளியூர்க்காரர்களுக்கு இது விளங்காது. எங்கள் பக்கம் கடலுக்குள் இறங்குகிறவனின் கயிற்றைத் தோணியில் நின்று பிடிப்பவன் அவனுடைய மச்சானாகத்தான் இருப்பான். பங்காளிகூடச் சொத்துக்கு ஆசைப்பட்டுக் கயிற்றை விட்டுவிடலாம், கூடப்பிறந்தவள் தாலியை அறுக்க எவனுக்கும் மனசு வராது என்பார்கள். வாலிபம் தொட்டு அப்பாவின் கயிறு மாமாவின் கையில்தான். உடும்பு என்று அம்மா அவரைக் கேலி செய்வாள். அந்தப் பிடியால்தான் அப்பா அத்தனை வருடம் உயிரோடு கரையேறினார். அந்தக் கையைப் போய் விடு என்றால் எப்படி விடும்?

மதர் அப்பாவைப் பரிதாபமாகப் பார்த்தார். "பிடிக்க ஆள் வேணுமே" என்று சொல்லி, நோயாளி விடுதியில் அவரே பேசி இடம் வாங்கித் தந்தார். நல்ல மனசோடுதான் செய்தார். யாரைக் கோபித்துக்கொள்வது? விட்டிருந்தால் அப்பா வாசல்வரை போயிருப்பாரா, நடுவில் விழுந்திருப்பாரா, எனக்கு இன்றுவரை தெரியாது. இப்போது எனக்கு எந்த இல்லம் தோதுப்படும் என்று பேரப்பிள்ளைகள் என்னை வைத்துக்கொண்டே பேசுகிறார்கள்.

விடுதியில் அப்பாவுக்கு ஒரு புண்கூட வரவில்லை. துணி எப்போதும் வெளுப்பாக இருந்தது. ஞாயிறுதோறும் மாமாவும் நானும் போவோம். நேரம் முடிந்து மணி அடித்ததும் அப்பா இடது கையால் மாமாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வார். மாமா குனிந்து, "விடுங்க மச்சான், அடுத்த ஞாயித்துக்கெழம வாரேன்" என்பார். அப்பா விடமாட்டார். நர்சு வந்து ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுப்பாள்.