கல் பாலத்தில் நின்றுபோன ஆடுகள்

எனக்குச் சங்கரன்கோவிலை அடுத்த கரிவலம்வந்தநல்லூர். ஆடு மேய்ப்பவன். ஐம்பத்திரண்டாம் வருசம் மழை பொய்த்ததால், பங்காளி செல்லச்சாமியும் நானும் நூற்றுப்பத்து ஆடுகளைப் பாளையங்கோட்டைப் பக்கம் வயலில் கிடை போட ஓட்டிப் போனோம். ராத்திரி ஆடுகள் வயலில் படுத்தால் அதுவே உரம்.

மானூர் தாண்டும்போது சேதி வந்தது. என் மகள் கோமதித்தாய்க்குப் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை. எனக்குப் பேத்தி! தாயில்லாத மகளுக்கு மாமியார்தான் துணை. வெள்ளிக்கிழமை சாயங்கால ரயிலில் தூத்துக்குடிக்கு அழைத்துப் போகிறார்களாம். அதற்குள் போகாவிட்டால், மூன்று மாதம் கழித்துக் கிடை முடிந்த பிறகுதான் பேத்தி முகம்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குத்தான் தாமிரபரணிக் கல் பாலத்துக்கு வந்தோம். நூறு வருசத்துப் பாலம், பதினொரு வளைவு. பார்க்க ஆசைப்பட்ட பாலம்தான். அன்று ஒன்றும் கண்ணில் ஏறவில்லை. காலுக்குக் கீழே தண்ணீர் இரைவதைக் கேட்டறியாத கரிசல்காட்டு ஆடுகள் பாலத்தின் முனையிலேயே நின்றுவிட்டன. பின்னாலிருந்து கம்பைத் தட்டினேன், அதட்டினேன். ஒன்றையொன்று முட்டிக்கொண்டு சுற்றின. பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்தது.

"அண்ணாச்சி, ஆட்டுக்கும் டிக்கெட் போடவா?" என்றார் டிரைவர்.

"நீரு பறக்கேரு வே, அதான் அதுகளும் மிரளுது," என்றான் செல்லச்சாமி. "போயி பிள்ளையப் பாரும். நான் பாத்துக்கிடுதேன்."

"கிடை அடையுமுன்ன ஆட்ட விட்டுட்டுப் போனா ஊருல என்ன சொல்லுவான்?"

"தாத்தா ஆயிட்டான்னு சொல்லுவான். போம்வே."

ராத்திரிக்கு ஆடு கிடையில் அடையுமுன் விலகுவது ஆடு மேய்ப்பவர்களுக்குள் பெரிய குற்றம். ஆனாலும் ஆடுகளை விலக்கிக்கொண்டு பாலத்தில் ஏறி நடந்தேன். பாதிப் பாலத்தில் மணிச்சத்தம். திரும்பினால், கிடாய் முன்னால், மந்தை முழுக்க அதன் பின்னால். ஓட்டியபோது அசையாதவை நான் போவதைப் பார்த்து வருகின்றன. முப்பது வருசம் ஆடு மேய்த்தவனுக்கு அதுவரை முன்னால் நடக்கத் தோன்றவில்லை. நின்றால் அவையும் நின்றுவிடும். நான் நிற்கவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் காவல்காரர் கையை விரித்து மறித்தார். "ஆட்டையெல்லாம் உள்ள விட முடியாது."

"ஆடு வேண்டாம்யா, ஆள விடும்."

சத்தம் கேட்டு மகள் பிள்ளையோடு வராந்தாவுக்கே வந்துவிட்டாள். "ஏம்ப்பா, மொத்தக் கிடையையுமா கூட்டிட்டு வந்திய?"

என் கையெல்லாம் புழுதி. சம்பந்தியம்மாள் தண்ணீர் ஊற்றினாள். கழுவிவிட்டுப் பேத்தியை வாங்கினேன். கொட்டாவி விட்டாள்.

செல்லச்சாமி கேட்டுக்கு வெளியே ஆடுகளை மறித்துக்கொண்டு, "எனக்கும் காட்டும்வே," என்று கத்திக்கொண்டிருந்தான்.