எரியாத சிவப்பு விளக்கு

அந்தப் பழைய வேனை வாங்கிய நாளிலிருந்து சலவைக்கடைக்காரிக்கு இருப்புக்கொள்ளவில்லை. இன்ஜின் லேசாக இருமினாலும், துவைத்த விரிப்புகளோடு நடுரோட்டில் நிற்கப்போகிறோம் என்று வண்டியை ஓரங்கட்டிவிடுவாள். விற்றவன் சொன்னது ஒன்றுதான் ஆறுதல்: "கோளாறு வந்தா எரியுற சிவப்பு விளக்கு, என் கையில ஒரு நாள்கூட எரிஞ்சதில்லக்கா."

இன்று மெக்கானிக் டேஷ்போர்டைக் கழற்றியதும் சிரித்துவிட்டான். "எப்படிக்கா எரியும்? பல்பையே புடுங்கி வெச்சிருக்கான்."

புதுப் பல்பு போட்டார்கள். எரிந்தது, அணையவே இல்லை.

"இன்ஜினைப் பிரிக்கணும்க்கா. ஒரு வாரம் ஆகும்."

விற்றவனை வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்தாள். வேனின் பின்னால், இன்றே கொடுத்தாக வேண்டிய ஆஸ்பத்திரி விரிப்புகள் மூட்டை மூட்டையாகக் கிடந்தன. விளக்கு முறைத்துக்கொண்டே இருந்தது.

"தம்பி, இன்னைக்கு மட்டும் அந்தப் பல்பைக் கழட்டிடேன்."