வெளியே ஒன்றுகூடத் தெரியக் கூடாது

பாகீரதியின் சமையலறைக்கு ஒரு ஜன்னல் உண்டு. செம்பூரில் அந்த ஃப்ளாட்டுக்குக் குடிவந்த வாரமே அவள் கணவர் வேங்கடசுப்ரமணியன் அதை இழுத்துச் சாத்தித் தாழ் போட்டுவிட்டார். எதிர் ஃப்ளாட்டில் மீன் வறுக்கிறார்களாம். பிறகு பெயிண்ட் அடிக்க வந்தவன் கதவையும் சட்டத்தையும் சேர்த்து அடித்துவிட்டுப் போனான். அடுத்த முறை வந்தவன் அதன் மேலேயே இன்னொரு பூச்சு பூசினான். அதோடு அங்கே ஒரு ஜன்னல் இருப்பதே எல்லோருக்கும் மறந்து போயிற்று, உள்ளே வெந்துகொண்டிருந்தவளைத் தவிர.

"எக்ஸாஸ்ட் ஃபேன் வாங்கிப் போட்டுடலாம்" என்றார் அவர். சொன்னவர் அதற்கப்புறம் ரிட்டயரே ஆகிவிட்டார். ஃபேன் வரவில்லை.

பாகீரதியும் வேலைக்குப் போனவள்தான். ஃபோர்ட்டில் இன்ஷூரன்ஸ் ஆபீஸ். விடிவதற்குள் சமைத்து, டப்பா கட்டி, முதுகில் ரவிக்கை ஒட்டிப்போக வாசலுக்கு வந்து லிஃப்ட் பக்கத்தில் கொஞ்ச நேரம் நிற்பாள். அங்கே படிக்கட்டு வழியாகக் காற்று வரும். அதற்கும் உள்ளேயிருந்து குரல் வந்துவிடும்.

"வாசல்ல நிக்காதே. நாலு பேர் என்ன நினைச்சுப்பா?"

அந்த நாலு பேர் யார் என்று பாகீரதிக்கு இன்றுவரை தெரியவில்லை. அவர்களுக்குப் பயந்தே மனுஷர் ஆயுளை ஓட்டிவிட்டார். அவளையும் சேர்த்து ஓட்ட வைத்தார்.

ரிட்டயரான பின் அவள் யாரையும் கேட்காமல் ஒரே ஒரு காரியம் செய்தாள். தேனீ வளர்ப்பு வகுப்புக்குப் போனாள். திரும்பி வரும்போது தேனீக்களோடு ஒரு மரப்பெட்டியைக் கொண்டுவந்து மொட்டை மாடி மூலையில் வைத்தாள். முதல் தேனை ஹார்லிக்ஸ் பாட்டில்களில் ஊற்றி வீட்டுக்கு வீடு கொடுத்தாள். "மாமி, ஏக்தம் ஒரிஜினல்" என்று நக்கி நக்கிச் சாப்பிடாதவர்கள் அந்தக் கட்டடத்தில் கிடையாது. அதே நாக்குகள்தான் மே மாதம் வந்ததும் வேறு பேசின.

அந்த வெயிலில் தேனீக்கள் கொத்தாக வெளியே வந்து, பெட்டிக்குத் தாடி முளைத்தாற்போல் முன்பக்கம் முழுக்கத் தொங்கின. முதலில் பாகீரதியே பயந்துபோனாள். பாடம் நினைவுக்கு வந்ததும் பயம் போயிற்று. உள்ளே புழுங்குகிறது. பாதிப் பேர் வெளியே வந்து நின்றால்தான் மீதிப் பேர் சிறகால் விசிறி, கூட்டையும் குஞ்சுகளையும் குளிர வைக்க முடியும். அவ்வளவுதான் விஷயம்.

"நீங்களும் வாசலுக்கு வந்தாச்சா?" என்று வாய்விட்டே கேட்டாள். அவற்றை யாரும் உள்ளே போகச் சொல்லவில்லையே என்று அவளுக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

பெட்டிக்கு மேலே ஈரச் சாக்கைப் பந்தலாகக் கட்டினாள். மூடிக்கும் பெட்டிக்கும் நடுவே மெல்லிய குச்சிகளைச் செருகி, சூடு வெளியேற இடுக்கு விட்டாள். தட்டில் கூழாங்கல் போட்டுத் தண்ணீர் வைத்தாள். தாடி பாதியாகக் குறைந்தது. அந்தப் பாதி போதும், வடாம் உலர்த்த மாடிக்கு வந்த ஸ்மிதா அலறுவதற்கு. அவள் எடுத்த ஃபோட்டோ, கட்டடத்துக் குடித்தனக்காரர்களின் சொசைட்டி வாட்ஸ்அப் குரூப்பில் சுற்றியது. கூட்டம் போட்டார்கள்.

"அதுகளுக்குப் புழுங்கறது, அதான் வெளியில நிக்கறதுகள். கொட்டறதுக்கு இல்லை" என்று பாகீரதி சொல்லிப் பார்த்தாள். யார் காதிலும் ஏறவில்லை. செக்ரட்டரி கேஷவ் முடிவாகச் சொன்னான்: "மாமி, ஞாயித்துக்கிழமை மத்தியானம் கமிட்டி மேல வந்து பாக்கும். வெளியில தொங்கலைன்னா பெட்டி இருக்கட்டும். தொங்கித்துன்னா பெஸ்ட் கன்ட்ரோல்தான்."

பாகீரதி வாயைத் திறப்பதற்குள் வேங்கடசுப்ரமணியன் எழுந்துவிட்டார். "ஒண்ணுகூட வெளியில தெரியாது. நான் கேரண்டி!"

தேனீக்களைக் கேட்டுக்கொண்டா கேரண்டி கொடுத்தார்?

போதாக்குறைக்கு சனிக்கிழமை ஐரோலியிலிருந்து மகள் வந்தனாவின் ஃபோன். காய்ச்சலில் எழுந்திருக்க முடியவில்லை. போகாமல் இருக்க முடியாது. பாகீரதி தயங்கி நிற்க, "போயிட்டு வா. பெட்டியை நான் பாத்துக்கறேன்" என்றார் அவர். சாக்கை நனைக்க வேண்டும், தட்டில் தண்ணீர் வற்றக் கூடாது, குச்சிகளை மட்டும் எடுத்துவிடக் கூடாது என்று இரண்டு தரம் சொன்னாள். அவரும் நல்ல பிள்ளையாகத் திருப்பிச் சொன்னார். அவளுடையது ஒன்றை அவர் பார்த்துக்கொள்வதாகச் சொன்னது அதுதான் முதல் தடவை. பைத்தியக்காரி, ஐரோலி போகும்வரை அதை நினைத்து சந்தோஷப்பட்டுக்கொண்டே போனாள்.

மறுநாள் சாயங்காலம் திரும்பியபோது அவர் லிஃப்ட் வாசலிலேயே நின்றிருந்தார். மகள் கல்யாணத்தில்கூட அந்த முகத்தில் அப்படியொரு சிரிப்பை அவள் பார்த்ததில்லை.

"பாஸ் பண்ணிட்டா, பாகீரதி! வெளியில ஒண்ணுகூட இல்லை. கேஷவ் என் கையைப் பிடிச்சுக் குலுக்கினான்."

"ஒண்ணுகூடவா?" என்றாள் அவள். "என்ன பண்ணினேள்?"

பெருமையாகவே சொன்னார். விடியற்காலையில் மாடிக்குப் போனாராம். குவளையால் தண்ணீர் தெளித்தாராம். மழை என்று நினைத்து எல்லாம் உள்ளே ஓடிவிட்டனவாம். குச்சிகளை உருவி மூடியை அழுத்தினாராம். பழைய வேட்டியைக் கிழித்து வாசல் துவாரத்தை அடைத்தாராம். "அதுக்கு மேல, மழைக்குன்னு சொசைட்டி வாங்கி வெச்சிருக்கே நீலத் தார்ப்பாய், அதைப் போட்டு இறுக்கிக் கட்டிட்டேன். எப்படி?"

பாகீரதி பையைப் போட்டுவிட்டு ஓடினாள்.

தார்ப்பாய் கையைச் சுட்டது. துணியைப் பிடுங்கினாள். ஒன்றும் வெளியே வரவில்லை. மூடியைத் திறந்தாள். மெழுகு உருகித் தேனடைகள் ஒன்றன் மேல் ஒன்று சரிந்து கிடந்தன. அவள் மாதக்கணக்கில் பார்த்துப் பார்த்து வளர்த்த கூட்டம் அத்தனையும் தான் சேர்த்த தேனிலேயே ஊறிச் செத்திருந்தது. பாதிக்கு மேல் வாசல் துவாரத்தை முட்டிக்கொண்டு செத்திருந்தன. அடியில் ஒழுகிய தேனுக்கு எறும்பு வந்தாயிற்று.

பின்னாலேயே வந்த வேங்கடசுப்ரமணியன் எட்டிப் பார்த்தார். முகம் வெளுத்துப் போயிற்று. அப்போதாவது அந்த மனுஷர் வாயில் நல்ல வார்த்தை வந்திருக்கலாம்.

"யார்கிட்டயும் சொல்லிண்டிருக்காதே" என்றார். "இப்பத்தான் பாஸ் பண்ணியிருக்கா. நாலு பேர் என்ன நினைச்சுப்பா?"

பாகீரதி அழவில்லை. கீழே இறங்கி வந்தாள். அலமாரியிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போய், ஜன்னல் சட்டத்தில் கொடுத்து நெம்பினாள். பெயிண்ட் பாளம் பாளமாக மேடையில் விழுந்தது. உள்ளங்கை கிழிந்து ரத்தம் வந்தது. அவள் விடவில்லை. கடைசியில் ஒரு கதவு மட்டும் முனகிக்கொண்டு திறந்தது. காற்று வந்தது. எதிர் ஃப்ளாட்டு மீன் வாசனையும் கூடவே வந்தது.

வேங்கடசுப்ரமணியன் மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டு வந்தார். "ஐயோ, நாத்தம் குடலைப் பிடுங்கறது. மூடித் தொலை, பாகீரதி! எனக்கு மூச்சு முட்டறது."

அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"முட்டித்துன்னா வாசல்ல போய் நில்லுங்கோ" என்றாள். "நாலு பேர் பாக்கட்டும்."