நடவுத் தேதியும் அதன் பழைய மதிப்பும்

பாகூர் பக்கம் ஒரு கரும்புப் பதிவு அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்தேன். கரும்பு நட்ட தேதியை விவசாயிகள் எங்களிடம் பதிய வேண்டும். நட்ட வரிசைப்படிதான் வெட்டு உத்தரவு போகும். பதிவேட்டில் ஒரு தேதியைத் திருத்துவதானால் அதன்மேல் ஒரே ஒரு கோடு இழுத்து, மேலே சரியானதை எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பம் இட வேண்டும். அடியில் இருப்பது படிக்கும்படி இருக்க வேண்டும். வெள்ளை மை பூசிய ஒருவரை ஒரு நாள் முழுக்கத் திட்டியிருக்கிறேன்.

கணினி வந்தபோது, மென்பொருள் எழுத வந்தவரிடமும் இதையே கேட்டேன். யார் எதை மாற்றினாலும் பழைய மதிப்பு, புதிய மதிப்பு, மாற்றியவர் பெயர், நேரம் எல்லாம் தனியாக ஓரிடத்தில் பதிவாக வேண்டும். அங்கே யாரும் எதையும் அழிக்க முடியக் கூடாது, நான் உட்பட.

"நீங்க கூடவா சார்?" என்று இரண்டு முறை கேட்டார். நான் கூடத்தான் என்று இரண்டு முறையும் சொன்னேன். அந்தப் பதிவைத் திறந்து பார்க்கும் கடவுச்சொல் என்னிடம் மட்டும் இருந்தது.

குருவிநத்தத்தில் எனக்கு ஒன்றரை ஏக்கர் கழனி உண்டு. ஒரு வருடம் மார்ச்சில் கரும்புக் கரணை நட்டேன். வெட்டு ஆட்கள் எங்கள் ஊரில் தங்கும் நாட்களுக்குள் என் முறை வராது. அவர்கள் வேறு ஊருக்குப் போய்த் திரும்ப ஒரு மாதமாவது ஆகும். ஒரு மதியம், மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தபோது, மார்ச்சை ஜனவரி ஆக்கினேன். பழைய மதிப்பு பதிவாகும் என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்த ஏற்பாட்டை மற்றவர்களுக்காகக் கேட்டு வாங்கியதாகவே நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் கரும்பு வெட்டப்பட்டது. அந்தச் சுற்றில் கடைசியாக இருந்த பக்கத்து வயல்காரரின் முறை தவறிப்போனது. அவர் கரும்பு பூவெடுத்துக் காயத் தொடங்கியதும் அலுவலகத்துக்கு வந்தார்.

"இன்னாண்ணே இது? நீ கரணை ஊனும்போது என் கரும்பு மொழங்கா உசரம். எனக்கு முன்னாடி நீ எப்டி வெட்டுன?"

"கம்ப்யூட்டர்ல இருக்கற வரிசைப்பா."

அவர், தேதிகளைக் கணினியில் ஏற்றும் பெண்ணின் பக்கம் திரும்பினார். வில்லியனூரிலிருந்து பஸ் மாறி வருபவள், ஒப்பந்த ஊழியர்.

"இன்னாமா, தூங்கிக்கினே தட்டுனியா?"

"நான் சரியாத்தான் போட்டேன்" என்றவள் என்னைப் பார்த்தாள். "பழைய தேதி இன்னான்னு பாத்துடலாமே சார். நீங்கதான கேட்டு வாங்கி வெச்சீங்க."

"பாஸ்வேர்டு மறந்துபோச்சும்மா" என்றேன்.

அன்று மாலை மார்ச்சையே திரும்பப் போட்டேன். பதிவில் என் பெயரில் இரண்டாவது வரி சேர்ந்ததைத் தவிர வேறொன்றும் நடக்கவில்லை.

பக்கத்து வயல்காரரின் புகாரைப் பார்த்து, தேதியை ஏற்றுவது யார் என்று மேலாளர் கேட்டார். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொன்னேன். கவனக்குறைவு காரணமாக அவளது ஒப்பந்தம் நீட்டிக்கப்படவில்லை என்ற கடிதத்தை நான் எழுத, அவர் கையெழுத்திட்டார். முதலில் 'அலட்சியம்' என்றுதான் எழுதியிருந்தேன். பிறகு மாற்றினேன். அப்போது அதை இரக்கம் என்று நினைத்தேன்.

பக்கத்து வயல்காரரிடம் இன்றுவரை உண்மையைச் சொல்லவில்லை. அவருக்கு வாசிக்கும் பழக்கம் உண்டு. அதனால் இங்கே எழுதுகிறேன்.

ஓய்வூதியக்காரர்கள் உயிரோடிருப்பதற்கு வருடாவருடம் சான்று தர வேண்டும். போன வருடம் அதற்காக வில்லியனூரில் ஒரு கணினி மையத்துக்குப் போனேன். கைரேகைக் கருவியோடு அவள் உட்கார்ந்திருந்தாள்.

"வாங்க சார். கட்டவெரல வைங்க."

ரேகை விழவில்லை. துடைத்துவிட்டு வைக்கச் சொன்னாள். நான்காம் முறை விரலை எடுக்காமலே சொன்னேன்.

"அந்தத் தேதிய மாத்துனது நான்தாம்மா."

"தெரியும் சார். மறுநாளே பாத்துட்டேன். உங்க பாஸ்வேர்டு உங்க கயினி சர்வே நம்பரு. ரெண்டு வரி இருந்துது."

"அப்பவே சொல்லியிருக்கலாமே?"

"உங்க பாஸ்வேர்டுல நான் பூந்துட்டேன்னு அதையும் சேத்து லெட்டர்ல எழுதியிருப்பீங்க. நீங்களா சொல்லுவீங்கன்னு மாசக் கடைசி வரைக்கும் பாத்தேன்."

மறுவாரம் அவளுக்கு ஒரு வேலைக்கான நேர்முகம் இருந்தது. அதற்காகக் கையோடு வைத்திருந்த கோப்பிலிருந்து அந்தக் கடிதத்தை எடுத்தாள். எங்கே போனாலும் முந்தைய வேலையை ஏன் விட்டாய் என்று கேட்கிறார்களாம்.

"புதுசா ஒண்ணு எழுதித் தரேன்" என்றேன்.

"வேணாம் சார். பழசு எங்கன்னு கேப்பாங்க. இதுலயே திருத்துங்க."

கவனக்குறைவு என்ற சொல்லின் மேல் ஒரே கோடு இழுத்தேன். மேலே 'தேதியை மாற்றியது தலைமை எழுத்தர்' என்று எழுதி, ஒப்பமும் அன்றைய தேதியும் இட்டேன். ஓய்வுபெற்றவன் போட்ட திருத்தம் செல்லுமா என்று எனக்குத் தெரியாது. அவள் தாளை வாங்கி, அடியில் இருப்பதைப் படிக்க முடிகிறதா என்று பார்த்துவிட்டுக் கோப்பில் வைத்தாள்.

"கட்டவெரல் வேணாம் சார்" என்றாள். "மோதிர வெரல வைங்க."