அயிரைக்குப் பேறுகாலம் பார்த்தவன்

வளர்ப்பு மீன் கடையில் பாதி வேலை தண்ணீர் மாற்றுவது, மீதி வேலை செத்த மீனுக்குக் காரணம் சொல்வது. கண்ணாடித் தொட்டி வாங்கி அவதிப்பட்ட அன்பர்களே, உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தொண்ணூறுகளின் கடைசியில் பழவங்காடிப் பக்கம் அப்படியொரு கடையில் ஆறு வருஷம் குப்பை கொட்டினேன். கடை மலையாள நாட்டில், என் ஊர் நாகர்கோவில்.

யாரும் வாங்காத அயிரைகள் ஒரு தொட்டி நிறைய இருந்தன. அவை முட்டையிடுவதை ஒருமுறையாவது கண்ணால் பார்த்துவிட வேண்டுமென்று எனக்குப் பிடிவாதம். முதலாளிக்கோ அந்தத் தொட்டியில் தங்கமீன் விட வேண்டும். ஜூனில் தொடங்கும் இடவப்பாதி மழை முடியும்வரை பொறுப்பதாகச் சொன்னார்.

ரசிகர்

பக்கத்து ஓட்டலில் புரோட்டா போடும் மதுரைக்காரர் ஒருவர் தினமும் மூன்று மணிக்கு வந்து அயிரைத் தொட்டிமுன் குந்துவார். அது மணலில் புதைந்துகொண்டு கண்ணை மட்டும் வெளியே நீட்டுவதை வைத்த கண் வாங்காமல் பார்ப்பார். சரி, நமக்கும் ஒரு கூட்டாளி கிடைத்தான் என்று, மழைத்தண்ணீர் பட்டால்தான் அதற்கு ஜோடி சேரத் தோன்றும் என்பதையெல்லாம் அரை மணி நேரம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு எழுந்தார்.

"அதெல்லாம் சரிண்ணே. எங்கூர்ல இதப் பால்ல விட்டு மண்ணக் கக்க வச்சு, புளியக் கரைச்சு ஊத்திருவோம். நீங்க பேசிக்கிட்டே இருக்கீங்க."

சைவம்

வலியசாலையிலிருந்து ஒரு ரிட்டயர்டு ஆபீசர் வருவார். வீட்டில் மீன் என்ற பேச்சே கிடையாது. பேரனின் தொல்லை தாங்காமல் தொட்டி வைத்தவர். அடியில் தங்கும் மிச்சத்தை அயிரை தின்றுவிடும் என்றேன். ஒரு ஜோடி கேட்டார். அளவெடுத்த மாதிரி ஒரே நீளத்தில், ஒல்லியாக இரண்டைப் பிடித்துப் போட்டேன். அதற்குப் புழு வேண்டும் என்றதும் முகம் சுருங்கிவிட்டது. இருந்தாலும் வாங்கினார். புழுப் பொட்டலத்தைச் சட்டைப் பைக்குள் தள்ளிக்கொண்டு குரலைத் தணித்தார்.

"இது புழு திங்கறதுன்னு ஆத்துல தெரியப்படாது. பாசின்னு சொல்லிக்கறேன், நீயும் அப்படியே சொல்லு."

ஆசுபத்திரி

மழை பிடித்த முதல் வாரத்திலேயே ஏழெட்டு அயிரைகளுக்கு வயிறு ஊதிவிட்டது. வீக்க நோய் என்று பதறி, அவற்றைப் பின்கட்டில் உப்புத் தண்ணீர்த் தொட்டியில் தனியாக விட்டேன். தொட்டியில் மிஞ்சிய ஒல்லிகளுக்கு மொட்டை மாடி மழைத்தண்ணீரைத் தினமும் ஊற்றினேன். அவையும் மேலும் கீழும் ஓடின, ஒன்றையொன்று முகர்ந்தன, பிறகு சலித்துப்போய் மணலுக்குள் போய்விட்டன. இரண்டு மாதம் இதே கதை. முதலாளி வானத்தைப் பார்க்க ஆரம்பித்தார்.

வலையில் சிக்கும் வண்ண மீன்களைக் கடைக்குக் கொண்டுவரும் விழிஞ்ஞத்து அண்ணன் ஒருநாள் பின்கட்டுக்கு வந்தார். ஊதிய அயிரை ஒன்றை உள்ளங்கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். வயிற்றுக்குள் பச்சையாக மணி மணியாகத் தெரிந்தது.

"டேய், இது சூக்கேடு இல்லடே, சினையாக்கும். பொண்ணுகள ஆசுபத்திரியில கெடத்திட்டு ஆணுகளுக்கு மழ காட்டுனா முட்ட எங்கேந்து வரும்?"

பத்து நிமிஷம்

அன்றே எல்லாவற்றையும் ஒன்று சேர்த்தேன். மழைக்காலம் முடியும் தறுவாய். மறுநாள் காலை கடை திறந்தபோது ஒரு பெண்ணின் பின்னால் மூன்று ஆண்கள். ஒன்று அவளைச் சுற்றிக்கொண்டது. இரண்டும் சேர்ந்து மேலே எழும்பின, ஒரு நடுக்கம், ரவையைத் தூவியதுபோல முட்டைகள் இறங்கின. வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷப்பட்டது அபூர்வம். எதிர்க் கடையில் சாயா குடித்துக்கொண்டிருந்த முதலாளியை அழைத்துவர ஓடினேன். அவர் கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டுத்தான் எழுந்தார்.

திரும்பி வந்தபோது ஆணும் பெண்ணுமாக எல்லா அயிரைகளும் மணலைக் கிளறிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தன. ஒரு முட்டைகூடக் கண்ணில் படவில்லை. பெரிய மீன்களை உடனே வேறு தொட்டிக்கு மாற்றியிருக்க வேண்டும். அது அப்போதுதான் உறைத்தது. மணலுக்குள் ஒன்றிரண்டு மிச்சமிருக்கும் என்று கெஞ்சினேன். முதலாளி கண்ணாடியில் மூக்கை வைத்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"நீ கண்டாச்சில்லே, அது போதும். உச்சைக்கு முன்ன மணலக் கழுவி வை, தங்கமீன் வருது."

ஆக, ஆயுசுக்கு ஒருமுறை நடப்பதைப் பார்க்கும்போது சாட்சிக்கு ஆள் கூப்பிட ஓடக்கூடாது என்பதைத் தவிர அந்தக் கடையில் நான் வேறொன்றும் கற்றுக்கொண்டதாகச் சொல்ல முடியாது.