ஒரு சிவப்பு, ஒரு பச்சை, மீதியெல்லாம் மஞ்சள்

என் மகள் வயிற்றில் இருந்த வருஷம் எனக்கு செல்போன் கம்பெனியில் வேலை. லைனில் முடிந்து வரும் ஒவ்வொரு போனுக்கும் சிக்னல் சரியாக இருக்கிறதா என்று டெஸ்ட் செய்து அனுப்ப வேண்டும். முதல் கரு கலைந்துபோயிருந்ததால் இந்தத் தடவை சந்தோஷப்படவே பயமாக இருந்தது.

இந்த நேரம் பார்த்து, "செல்போன் அலை வயித்துப் புள்ளைக்கு ஆவாதாம்" என்று கம்பெனி பஸ்ஸில் யாரோ கொளுத்திப் போட்டார்கள். டாக்டரம்மாவோ, "வேலைக்குப் போ, மனசைப் போட்டுக் குழப்பிக்காதே" என்றார். குழப்பிக்கொள்ளாமல் இருக்க மட்டும் அவர் மாத்திரை எழுதித் தரவில்லை.

என் வீட்டுக்காரருக்கு ஒரகடத்தில் ஒரு கார் கம்பெனியில் குவாலிட்டி செக்கிங் வேலை. தேறிய கார் பாகத்துக்குப் பச்சைப் பொட்டு, தேறாததற்குச் சிவப்பு, சந்தேகத்துக்கு மஞ்சள் என்று ஒட்டி ஒட்டி, உலகத்தையே அப்படித்தான் பார்ப்பார். பிரவுசிங் சென்டருக்குப் போய், இன்டர்நெட்டில் ஆளாளுக்கு இதைப் பற்றிப் போட்டுக்கொண்ட சண்டையை எல்லாம் பிரிண்ட் எடுத்து வந்தார். சுவரில் ஒரு சார்ட் பேப்பரை மாட்டி, ஆபத்து என்றவர்களுக்குச் சிவப்பு, ஒன்றும் ஆகாது என்றவர்களுக்குப் பச்சை, இன்னும் தெரியாது என்றவர்களுக்கு மஞ்சள் என்று பொட்டு ஒட்டினார். சார்ட்டுக்கு அம்மை போட்ட மாதிரி ஆகிவிட்டது.

"பாரு, செவப்புதான் ஜாஸ்தி கீது. நாளைக்கே வேலைய வுட்டுடு."

அந்த வேலைக்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். கோபத்தில் சிவப்புப் பொட்டுக்கு உண்டான தாள்களைப் பிடுங்கி எழுத்துக்கூட்டிப் படித்தேன். தலையணைக்கு அடியில் செல்போன் வைத்துத் தூங்கிய பெண்ணுக்குக் கரு கலைந்த கதைதான் எல்லாவற்றிலும் இருந்தது. ஒரு தாளில் அவள், அதை எழுதியவரின் தங்கை; இன்னொன்றில் பக்கத்து வீட்டுக்காரி. மற்றபடி வரிக்கு வரி அதே கதை.

"இன்னாங்க இது? ஒரே பொம்பளயத்தான் இத்தினி வாட்டி ஒட்டி வெச்சிகினு கீறீங்க!"

அவர் முகம் தொங்கிவிட்டது. ஒன்றை விட்டுவிட்டு மீதிச் சிவப்பை உரித்தோம். ஜெயித்துவிட்ட திமிரில் பச்சைத் தாள்களையும் எடுத்தேன். அங்கேயும் செல்போன் விற்கிறவர்கள் சொன்ன ஒரே சமாதானத்தைத்தான் எல்லோரும் திருப்பித் திருப்பிச் சொல்லியிருந்தார்கள். அதிலும் ஒன்றை விட்டு மீதியை உரித்தோம். மிஞ்சியது ஒரு சிவப்பு, ஒரு பச்சை, சுற்றிலும் மஞ்சள். இருவரும் மண்டை காய்ந்துபோய் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

"உங்க கம்பெனில மஞ்சப் பொட்டு பீஸ இன்னா பண்ணுவீங்க?" என்று கேட்டேன்.

"திரும்ப டெஸ்ட்ல ஓட்டிப் பாப்போம். தாங்குதா இல்லியான்னு..." என்றவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். அவர் கண் என் வயிற்றின் மேல் இருந்தது.

மறுநாள் சூப்பர்வைசரிடம் போய், என்னைப் பேக்கிங்குக்கு மாற்றிவிடச் சொல்லிக் கேட்டேன். காரணம் கேட்டார். சிவப்பையும் சொல்ல முடியவில்லை, பச்சையையும் சொல்ல முடியவில்லை.

"பயமா கீது சார்."

"ஆளு கம்மிம்மா. அடுத்த மாசம் பாக்கலாம்."

திரும்பி வந்து என் இடத்தில் உட்கார்ந்தேன். இடது கை தானாகப் போய் வயிற்றை மூடிக்கொண்டது. அடுத்த போன் வந்தது. டெஸ்ட் செய்ய இரண்டு கையும் வேண்டும் என்பதால் வயிற்றிலிருந்து கையை எடுத்துவிட்டேன்.