மூன்று மோட்டாருக்கு எத்தனை வோல்ட்

பிள்ளைகளே, மாதா கோயில் வாசலில் யாராவது இன்ஜினியர் என்று கூப்பிட்டால் அப்பா ஏன் காது கேளாதவர் மாதிரி நடந்துவிடுகிறார் என்று அம்மாவிடம் கேட்டீர்களாம். அம்மா சிரித்துவிட்டு, அப்பாவையே கேளுங்கள் என்றாளாம். நேரில் சொல்ல எனக்கு வாய் வராது. அதனால் எழுதுகிறேன்.

நான் இன்ஜினியர் இல்லை. செகண்டரி இரண்டோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஜூரோங்கில் ஒரு தொழிற்சாலையில் பராமரிப்பு வேலை. பெல்ட் அறுந்தால் மாட்டுவேன், ஃபியூஸ் போனால் மாற்றுவேன். கல்யாணப் பேச்சு நடந்தபோது மாப்பிள்ளை மெஷின் எல்லாம் பார்க்கிறார் என்று உங்கள் அம்மா வீட்டில் யாரோ சொல்ல, அந்தப் பேச்சு கோயில் பங்கு முழுக்கச் சுற்றி வருவதற்குள் நான் இன்ஜினியர் ஆகிவிட்டேன். மறுத்துப் பார்த்தேன், சிரித்தார்கள். பிறகு மறுக்க அலுத்துவிட்டது. கேட்க நன்றாகவும் இருந்தது. அதையும் மறைக்கக் கூடாது.

உங்கள் பெரிய மாமா அப்போது வேலையை விட்டுவிட்டு, சிராங்கூன் ரோட்டை ஒட்டிய சந்து ஒன்றில் பெயர்ப்பலகை செதுக்கும் கடை போட்டிருந்தார். கையால் ஓட்டும் மெஷினில்தான் எழுத்து வெட்டுவார். எண்பதுகளின் நடுவில், மூடப்பட்ட ஒரு கம்பெனியிலிருந்து கம்ப்யூட்டரில் ஓடும் சி.என்.சி. மெஷின் ஒன்றை வாங்கி வந்தார். மூன்று ஸ்டெப்பர் மோட்டார் இருந்தன. அவற்றை ஓட்டும் டிரைவர் கார்டுகளும் இருந்தன. இவற்றுக்குக் கரண்ட் கொடுக்கும் பவர் சப்ளை மட்டும் இல்லை. அந்த மெஷின் ஓடினால்தான் கடை நிலைத்து நிற்கும் என்ற நிலைமை. மாமாவுக்குக் கவலையே இல்லை. வீட்டு மாப்பிள்ளை இருக்கிறாரே.

ஸ்டெப்பர் மோட்டார் என்பது சாதாரண மோட்டார் மாதிரி கடகடவென்று சுற்றாது. அடி அடியாக வைத்து நடக்கும். எத்தனை அடி வைத்தது என்ற கணக்கில்தான் மெஷினுக்குத் தான் எங்கே நிற்கிறோம் என்றே தெரியும். இது எனக்குத் தெரிந்திருந்தது. சப்ளையை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதுதான் தெரியவில்லை.

மோட்டாரின் முதுகில் மூன்று வோல்ட், இரண்டு ஆம்பியர் என்று எழுதியிருந்தது. நான் விருந்துக்கு அரிசி போடுவது போலக் கணக்குப் போட்டேன். மோட்டார் மூன்று, தலைக்கு மூன்று வோல்ட், ஆக ஒன்பது. கொஞ்சம் தாராளமாக இருக்கட்டும் என்று பன்னிரண்டு. கரண்ட் படித்தவர்கள் இதைக் கேட்டால் வயிறு வலிக்கச் சிரிப்பார்கள்.

மாமாவும் நானும் ரோச்சோர் பக்கம் உதிரிபாகக் கடைக்குப் போனோம். கடைக்காரர் வயதான சீனர், மலாயில் பேசினார். நான் பன்னிரண்டு வோல்ட் என்றதும் அவர் புருவத்தைத் தூக்கி, கார்டில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். நல்ல கேள்வி. நான் பதில் தேடுவதற்குள் மாமா குறுக்கே விழுந்து, இவர் இன்ஜினியர், இவருக்கே பாடம் எடுக்கிறீர்களா என்று சிரித்தார். கடைக்காரரும் சிரித்தார். நானும் சிரித்தேன். சப்ளைப் பெட்டி கைக்கு வந்துவிட்டது.

கடையில் மாட்டி மெதுவாக ஓட்டிப் பார்த்தோம். ஓர் எழுத்து அழகாக வெட்டியது. மாமா அன்றே போய்ப் பங்குச் சாமியாரை மந்திரிக்க அழைத்துவிட்டார். கார் வாங்கினாலும் வீடு வாங்கினாலும் சாமியார் வந்து ஜெபம் சொல்லித் தீர்த்தம் தெளிப்பது நம் வழக்கம். மெஷினுக்கும் அப்படியே.

ஞாயிறு பூசை முடிந்து பாதிப் பங்கு அந்தச் சின்னக் கடைக்குள் வந்து நின்றது. அம்மா தட்டில் கேக்கும் வடையும் வைத்துக்கொண்டு நின்றாள். சாமியார் ஜெபம் சொல்லி, தாராளமாகவே தெளித்தார். முதல் பலகை கோயிலில் மாதா சிலை நிற்கும் கெபிக்கு, ஆவே மரியா என்று ஆங்கில எழுத்தில். மாமா உற்சாகத்தில் வேகத்தை முழுதாகத் திருகிவிட்டார்.

முதல் சொல் எப்படியோ விழுந்தது. அடுத்த சொல்லுக்கு மேசை வேகமாக நகர வேண்டிய இடத்தில் மோட்டார் நகரவில்லை. நின்ற இடத்திலேயே உறுமியது. கம்ப்யூட்டரோ நகர்ந்துவிட்டதாகவே நினைத்து அடுத்த சொல்லை வெட்டியது. ஆவேயின் தலைமேல் மரியா ஏறி உட்கார்ந்தது.

சாமியார்தான் முதலில் வாய் திறந்தார். "தீர்த்தத்தை அதிகமா தெளிச்சுட்டேனோ?"

ஒரு அத்தை உடனே பிடித்துக்கொண்டாள். "ஆமா ஃபாதர், கரண்ட் பெட்டியில பட்டிருக்கும்."

மாமா முகம் தெளிந்தது. சாமியார் அவர் கையைப் பிடித்து மன்னிக்கச் சொன்னார். அந்த நல்ல மனிதர், செய்யாத தப்புக்கு. நான் பெட்டியின் மேல் கை வைத்துப் பார்த்தேன். சொட்டு ஈரம் இல்லை. மெதுவாக ஓடிய மோட்டார் வேகத்தில் திணறியது என்றால் கடைக்காரர் கேட்டதுதான் காரணம் என்று அந்த நிமிஷமே எனக்குத் தெரிந்துபோயிற்று.

"தண்ணி படல ஃபாதர்," என்றேன். "சப்ளை பத்தல. நான்தான் தப்பா எடுத்தேன். எனக்கு இது தெரியாது. நான் இன்ஜினியரும் இல்ல."

மாமா என் தோளைத் தட்டினார். "பாருங்க ஃபாதர், மாப்பிள்ளைக்கு எவ்வளவு அடக்கம்லா."

எல்லோரும் சிரித்தார்கள். சாமியார்கூட. உண்மையைச் சொல்லியும் யாரும் எடுத்துக்கொள்ளவில்லை, பிள்ளைகளே. அம்மா மட்டும் சிரிக்கவில்லை. அவளுக்குத் தெரியும். தட்டில் வடைகளை அடுக்கி அடுக்கிக் கலைத்துக்கொண்டிருந்தாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்தக் கைகளைப் பார்க்கத்தான் முடியவில்லை. நாங்கள் குடியிருந்த ஈசூனுக்கு ரயில் வராத காலம். பஸ்ஸில் வீடு போகும் வழியெல்லாம் அவள் சன்னல் பக்கமே பார்த்து வந்தாள்.

மறுநாள் மாமாவும் நானும் கார்டைக் கழற்றி எடுத்துக்கொண்டு அந்த உதிரிபாகக் கடைக்குப் போனோம். வாசலில் நின்று, "மச்சான், நீங்க இங்கயே நில்லுங்க," என்றேன். அவர் முகம் சுருங்கியது. நான் இன்ஜினியர் இல்லை என்பதை முதல் தடவையாக நம்பினார் என்று நினைக்கிறேன்.

உள்ளே போய் எனக்கு ஒன்றும் தெரியாது என்று மலாயில் சொன்னேன். கடைக்காரர் கேலி செய்யவில்லை, பொறுமையாக விளக்கினார். மோட்டாரில் எழுதியிருப்பது அது சும்மா நிற்கும்போது அதன் சுருளுக்குப் போதுமான வோல்ட். வேகமாக ஓடும்போது ஒவ்வொரு அடிக்கும் கரண்ட் சட்டென்று உள்ளே ஏற வேண்டும், அதற்குப் பல மடங்கு வோல்ட் தள்ள வேண்டும். கரண்ட் அளவு மீறாமல் கார்டு பார்த்துக்கொள்ளும். அதனால் வோல்ட்டுக்குக் கார்டின் உச்ச அளவைப் பார். ஆனால் உச்சத்துக்கே போகாதே, மோட்டார் சட்டென்று நிற்கும்போது கொஞ்சம் கரண்ட்டைத் திருப்பித் தள்ளும். மோட்டாரை எண்ணிக் கணக்குப் போட வேண்டியது ஆம்பியருக்குத்தான். கார்டில் நாற்பது வோல்ட் என்றிருந்தது. முப்பத்தாறு வோல்ட் பெட்டி ஒன்றை எடுத்துக் கொடுத்தார். பழையதைத் திருப்பி வாங்கிக்கொண்டார்.

மெஷின் ஓடியது. கடை நிலைத்து நின்றது. அதன் பிறகு மாமா என்னை யாரிடமும் இன்ஜினியர் என்று சொல்லவில்லை. தங்கச்சி வீட்டுக்காரர் என்று மட்டும் சொல்வார். மரியாதை குறையவில்லை, ஆனால் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்க மாட்டார். பங்கில் மற்றவர்கள் இன்னும் விடவில்லை.

புதுப் பெட்டியை மாட்டிய அன்று மாமா சாப்பிடப் போன பிறகு நான் கடையிலேயே இருந்தேன். பலகை எதுவும் வைக்காமல், கத்தியைத் தூக்கிவிட்டு, வேகத்தை முழுதாகத் திருகினேன். மேசை அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்குமாகப் போய் வந்தது. மோட்டாரின் முதுகில் உள்ளங்கையை வைத்தேன். லேசான காய்ச்சல் அடிக்கும் பிள்ளையின் உடம்பு போலச் சுட்டது. கையை எடுக்காமல் நின்றுகொண்டிருந்தேன்.